இட்டேரிப் புல்

அந்த வருஷம் சித்திரை மழை ஒருவழியாகப் பெய்து ஓய்ந்த மறுநாள் விடிந்தபோது, ஊஞ்சவலசில் புல் மண்ணில் முளைக்காமல் செம்மறிகளின் முதுகில் முளைத்திருந்தது. ஊரில் இருந்த எல்லாச் செம்மறிகளின் முதுகிலும் அல்ல, மழை வரும்வரை இட்டேரியில் நின்றுகொண்டிருந்த ஆடுகளின் முதுகில் மட்டும். கழுத்து முடிகிற இடத்தில் தொடங்கி வால் தொடங்குகிற இடம்வரை, விரல் நீளத்துக்கு, இளம்பச்சையாக, நுனியில் ஒவ்வொரு துளித் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு, அசல் கொழுக்கட்டைப் புல். விலக்கிப் பார்த்தால் வேர்கள் தோலைக் குத்தாமல் ரோமத்தோடு ரோமமாகப் பின்னிக் கிடந்தன. ஆடுகளுக்கு அதில் வலியும் இல்லை, பெருமையும் இல்லை. ஒன்றன் முதுகை ஒன்று கடித்துத் தின்றபடி, வயிறு நிறைந்தவை அசைபோட்டபடி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி உயர்ந்து நிற்க நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்தில் ஓடுகிற, யாருக்கும் சொந்தமில்லாத அந்த மண்தடத்தில் அவை சாதாரணமாக நின்றன.

அதை முதலில் பார்த்தவர் ராக்கியண்ணன். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவர் மொபெட்டை நிறுத்தி, ஓர் ஆட்டின் முதுகிலிருந்து ஒரு தாளைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடித்து, அடித்தண்டு இனிப்பதை உறுதி செய்துகொண்டு, பாலைக்கூட ஊற்றாமல் நேராகச் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார். சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வானத்தைப் பார்த்து விதைப்புக்கு நாள் சொல்கிறவர் என்று சுற்றுவட்டாரத்தில் பேர் எடுத்தவர். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பங்காளி, புல்லு மொளச்சிருச்சு” என்றார் ராக்கியண்ணன்.

“எங்க? மேக்கால காட்டுலயா?”

“திம்மாயி ஆட்டு மேல.”

சென்னியப்பன் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார். எப்படி என்று கேட்கவில்லை. “அவ ஆட்டு மேல மட்டுமா?” என்றார்.

“காலனி ஆடு அத்தன மேலயும். இட்டேரில நின்னதெல்லாம் பச்சப் பசேல்னு நிக்குது. நம்ம காட்டுல ஒரு தூரு துளுக்கல, பாத்துட்டுத்தான் வாரேன்.”

அதன் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராக்கியண்ணன் தன் செருப்பைப் பார்த்தார். சென்னியப்பன் காலி டம்ளருக்குள் பார்த்தார். காரணம் இருவருக்கும் தெரிந்திருந்தது, ஊரில் நிலம் வைத்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த அதிசயத்தைப் பற்றி ஊஞ்சவலசில் யாரும் கடைசிவரை ஆச்சரியப்படவே இல்லை.

ஊஞ்சவலசில் பாதி நிலம் உழுகிற காடு, பாதி நிலம் கொறங்காடு. கொறங்காடு என்றால் வேலி போட்டு, வெள்வேல மரங்களை நிழலுக்கு விட்டு, புல்லுக்கென்றே ஒதுக்கிய மேய்ச்சல் நிலம். அதற்கு மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய ஒரு படல் உண்டு. மழைக்காலம் முழுக்க அந்தப் படல் சாத்தியே இருக்கும், சொந்த மாடும் குத்தகை கொடுத்தவன் ஆடும் தவிர வேறெதுவும் உள்ளே போகாது. ஆனால் மாசி பிறந்து வெயில் ஏறி, புல்லெல்லாம் காய்ந்து சருகாகிப் போன பிறகு, நிலமில்லாதவர்களின் ஆடுகள் எந்தக் கொறங்காட்டிலும் நுழைந்து அந்தச் சருகைப் பொறுக்கித் தின்னலாம். முதல் மழை மண்ணை நனைக்கும்வரை படல் சாத்துவதில்லை. மண் நனைந்ததும் சாத்திவிட வேண்டும், ஏனென்றால் துளிர்க்கிற தூரில் குளம்பு பட்டால் அந்த வருஷத்துப் புல்லே போய்விடும். இதை யாரும் பேசி வைத்ததில்லை. யாரும் மீறினதும் இல்லை.

அந்த வருஷம் பங்குனி நடுவில் சென்னியப்பனின் போனில் ஒரு குரல் வந்தது. வானிலை சொல்லி ஊர் ஊராகப் பிரபலமாகியிருந்த யாரோ ஒருவருடைய குரல், மேற்கு மாவட்டங்களுக்கு ஓரிரு நாளில் இடியோடு கனமழை உறுதி என்றது, விவசாயப் பெருமக்கள் தயாராக இருக்கலாம் என்றது. சென்னியப்பன் அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். இத்தனை வருஷமாக ஈசானி மூலை மின்னலையும், எறும்பு முட்டை தூக்குவதையும், மாடு மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிப்பதையும் பார்த்துப் பார்த்துச் சொன்னவர், அன்றைக்குப் பொழுது சாய வானத்தை அண்ணாந்து ஒரு பார்வை பார்க்கவில்லை. குனிந்து போனைத்தான் பார்த்தார். பிறகு நேராகக் கொறங்காட்டுக்குப் போய், அங்கே மேய்ந்துகொண்டிருந்த திம்மாயியின் ஆடுகளை வெளியே முடுக்கினார்.

“ரெண்டு நாளைக்கு இட்டேரில வெச்சுக்க திம்மாயி. மழ வந்தா உனக்குந்தான நல்லது” என்று சொல்லிப் படலைச் சாத்தினார்.

சென்னியப்பன் படல் சாத்தினார் என்றால் மழை வருகிறது என்று அர்த்தம். இருட்டுவதற்குள் ஊரில் அத்தனை படலும் சாத்தியாகிவிட்டது.

மழை வரவில்லை. தினமும் பொழுது சாய மேற்கே கருத்துக்கொண்டு ஏறி வரும், காற்று புழுதியை வாரி அடிக்கும், இடி எங்கோ யாரோடோ பேசிவிட்டுப் போகும், மேகம் கலைந்து வெறும் நட்சத்திரம் மிஞ்சும். ஆடுகள் இட்டேரியில் நின்றன. எட்டின உயரம்வரை கிளுவை இலையைத் தின்று தீர்த்தன, பிறகு பட்டையைக் கொறித்தன, பிறகு வேலிச் சந்தில் மூக்கை நுழைத்து உள்ளே மஞ்சளாக நின்ற சருகைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாளைக்குப் பெய்துவிடும் என்று சென்னியப்பன் ஒவ்வொரு நாளும் நினைத்தார். அப்படி நினைத்தது கொஞ்ச நாள் உண்மையாகவும் இருந்தது. அதற்குப் பிறகு உண்மை வேறாக இருந்தது. இப்போது திறந்தால், தான் சாத்தினது தப்பு என்று ஆகிவிடும். தன்னைப் பார்த்துச் சாத்தின அத்தனை பேரும் திறக்கப் போய், ஒவ்வொரு படலும் திறக்கிற சத்தத்தில் தன் பேர் கேட்கும்.

“தொறந்து வுட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க?” என்று கேட்டாள் அவர் மனைவி பாவாத்தாள்.

“மழ வர்ற நேரத்துல கொளம்பு பட்டாத் தூரு செத்துரும், உனக்கென்ன தெரியும்?”

“மழ வர்ற நேரமா? எனக்கென்னமோ மழ நம்மூருப் பாதைய மறந்துட்ட மாதிரி இருக்குது.”

திம்மாயி ஒரே ஒரு தரம் வந்தாள். காலனியில் இருப்பவள், அவர் வயசுதான் இருக்கும், காடு கழனி எதுவும் கிடையாது, அந்த ஆடுகள்தான் அவளுக்கு எல்லாம். வாசலுக்கு வராமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு கேட்டாள்.

“ஏனுங்க பண்ணாடி, மழ பேஞ்சிருச்சுங்களா?”

சென்னியப்பனுக்குப் புரியவில்லை. “எங்க பேஞ்சுது?”

“இல்லீங்க, படல் சாத்தியிருக்குதுங்களே. எங்கண்ணுக்குத்தான் தெரியாமப் பேஞ்சிருச்சோன்னு கேட்டம்போங்க.”

“வரும் திம்மாயி. வரும்.”

“வரட்டுமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று சென்னியப்பன் பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்தார். இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

முதலில் குட்டிகள் செத்தன. பிறகு பால் வற்றிய தாய்கள் சில. திம்மாயி வேலியோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மிச்ச ஆடுகளை இன்னும் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். மற்ற காலனிக்காரர்களும் அப்படியே செய்தார்கள். அதன் பிறகுதான் மழை வந்தது, வாராது வந்ததுபோல ஓர் இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது, பள்ளத்தில் தண்ணீர் ஓடியது, கொறங்காட்டு மண் உழவு உழுததுபோலப் பொதுபொதுத்தது, ஊரே பாயை உதறிவிட்டு வெளியே வந்து நனைந்தது. மறுநாள்தான் ராக்கியண்ணன் மொபெட்டை நிறுத்திப் புல்லைக் கடித்துப் பார்த்தது.

மண் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியவில்லை. சென்னியப்பன் குனிந்து அள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிடித்தால் கூடியது, விட்டால் உதிர்ந்தது, இப்படி ஒரு பதத்தை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. அந்த மண்ணில் சோளம் விதைத்தார்கள், கம்பு விதைத்தார்கள், எள் தெளித்தார்கள். விதை மண்ணுக்குள் ஊறி, உப்பி, முளை விடுகிற கட்டத்தில் அப்படியே நின்றுகொண்டது. தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அழுகவும் இல்லை, வளரவும் இல்லை. சொல்ல வந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிற ஆளைப் போல இருந்தது.

ஆனால் கூடையில் கம்பு எடுத்துக்கொண்டு இட்டேரி வழியாகப் போன ஒருத்தி கால் தடுக்கி ஓர் ஆட்டின் மேல் சாய்த்துவிட, சிந்தின கம்பு அந்த ஆட்டின் இடுப்பில் முளைத்தது. அதற்குப் பிறகு காலனிப் பெண்கள் தங்கள் ஆடுகளின் மேல் விதைக்கத் தொடங்கினார்கள். முதுகில் புல்லை விட்டுவிட்டு விலாவில் எள், தொடையில் தட்டைப்பயறு. சாயங்காலத்தில் “எங்க போற?” என்று கேட்டால் “ஆட்டுக்குக் களையெடுக்கப் போறேன்” என்று சொல்வது சாதாரணப் பேச்சாகிவிட்டது. காடு ஒரு இடத்தில் நிற்காமல் நடந்து திரிந்ததால் வேலை கொஞ்சம் கஷ்டம்தான். பூத்த எள்ளோடு ஓர் ஆடு தண்ணீர் குடிக்கப் போக, பின்னாலேயே தேனீக்கள் போக, அதன் பின்னால் அதன் சொந்தக்காரி அரிவாளோடு போவாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள்களும் விருந்துக்கு வந்த ஒறம்பறைச் சொந்தங்களும் முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் நாள் உதவிக்குப் போனார்கள், அதற்குப் பிறகு மறந்துபோனார்கள்.

விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் பயிர் நெருக்கம் அதிகம், கலைத்துவிட்டால் நல்லது என்று சொல்லிப்போனார். கால்நடை டாக்டர் வந்து ஆடுகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வி.ஏ.ஓ. வந்து எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் என்று எழுத உட்கார்ந்து, ஆட்டுக்குச் சர்வே நம்பர் இல்லாததால் சிரமப்பட்டு, கடைசியில் இளநீர் குடித்துவிட்டுப் போனார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊர்க்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ, நல்லவேளை கேட்கவில்லை.

மாரியம்மன் நோம்பி வந்தது. முளைப்பாரிக்கு வைத்த பானைகளில் ஒன்றும் முளைக்கவில்லை. முளைப்பாரி இல்லாமல் நோம்பி எடுக்க முடியாது என்று பூசாரி சொன்னதால், பச்சை முளைத்த ஆடுகளையே ஓட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஆடுகள் வந்தன, முன்னால் தப்பு அடித்து வர, முதுகுப் புல் காற்றில் அலையடிக்க, வெட்டுவதற்கு இல்லாமல் கும்பிடுவதற்கு என்று அந்தக் கோயிலுக்கு ஆடு வந்தது அதுதான் முதல் தடவை. கூடவே வந்த திம்மாயியும் மற்றவர்களும் வழக்கமாக நிற்கிற புளியமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். ஆடுகளும் அங்கேயே நின்றுகொண்டன. பூசாரி தீபத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, கோயிலை வெறுமையாக விட்டுவிட்டு, ஊரே எழுந்து புளியமரத்தைத் தாண்டிப் போய் அங்கே கும்பிட்டுவிட்டு வந்தது. அந்த வருஷம் நோம்பிப் பொங்கல் பானையோடு அப்படியே மிஞ்சியது.

மாடுகள்தான் முதலில் வெட்கத்தை விட்டன. கயிற்றை அறுத்துக்கொண்டு இட்டேரிக்கு ஓடின. கட்டுத்தரையில் வைக்கோல் இருந்தது, தீவன மூட்டை இருந்தது, ஆனால் ஒருதரம் அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறின மாடு வேறு எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. மாடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திம்மாயியிடமும் மற்றவர்களிடமும் போனார்கள். காலனிக்காரர்கள் இல்லை என்று சொல்லவில்லை. குத்தகை கேட்கவில்லை. மேய்ந்த முதுகில் விடிவதற்குள் மறுபடி புல் வந்துவிடுவதால் நஷ்டமும் இல்லை என்றார்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும், அதுவும் அவர்கள் போட்ட சட்டம் அல்ல, ஆடுகள் போட்டது. மாடு மேய்கிறபோது ஆட்டை யாராவது அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படிப் பிடிக்கிற ஆள் அந்த மாட்டுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். கூலிக்காரன் பிடித்தால் ஆடு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது, புல் படுத்துக்கொண்டது.

ஆக, பகல் வேளைகளில் இட்டேரியில் வெள்ளை வேட்டிகள் மண்ணில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொருவர் மடியிலும் ஓர் ஆட்டுத் தலை. அந்தப் பக்கமாகப் போன வெளியூர் மாட்டுத் தரகர் ஒருவர் ராக்கியண்ணனைப் பார்த்து, “என்ன மாப்ளே, ஆடு புடிக்கற வேலைக்குச் சேந்துட்டீங்களாட்ட?” என்றார்.

“சேந்துட்டன் மச்சான். சம்பளத்த மட்டும் மாடு வாங்கிக்குது.”

சென்னியப்பன் மட்டும் போகவில்லை.

அவருக்கு ஒரு மயிலைப் பசு இருந்தது, அவரே வளர்த்த கிடாரி, தலைச்சன் ஈத்து. நோம்பி முடிந்த மறுவாரம் கன்று போட்டது. கன்று காளை, நெற்றியில் சுழி சுத்தமாக இருந்தது. ஆனால் பசு வைக்கோலைத் தொடாமல், வேலிக்கு மேல் தலையை நீட்டி இட்டேரியையே பார்த்துக்கொண்டு நின்றதில் மடி சுருங்கத் தொடங்கியது. சென்னியப்பன் வாய்க்கால் பாசனம் இருக்கிற ஊரிலிருந்து டெம்போவில் சோளத்தட்டு வரவழைத்தார். மயிலை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, தும்மிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. கன்றுக்குப் பாட்டிலில் பால் வைத்தார்கள், அது குடிக்காமல் தாயின் வற்றின காம்பையே முட்டி முட்டிக் களைத்துப் படுத்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார்.

“பசும்புல் குடுங்க கவுண்டரே. மாட்டுக்கு வேற வியாதி எதுவும் இல்ல. இப்படியே உட்டா மொதல்ல கன்னு போயிரும், அப்பறம் பசு” என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, “எல்லாரும் போறாங்கல்ல” என்றார்.

எல்லாரும் போகிறார்கள்தான். எல்லாரும் போக முடியும், எல்லாரும் சென்னியப்பன் சாத்தினதைப் பார்த்துச் சாத்தினவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சென்னியப்பன் இருந்தார். சென்னியப்பனுக்கு யார் இருந்தார்கள்? போனில் பேசின குரல் இருந்தது. அந்தக் குரலின் மேல் பாரத்தைப் போட்டுப் பார்த்தார், அது ஒருநாள்கூட நிற்கவில்லை. குரல் மழை வரும் என்றுதான் சொன்னது, படலைச் சாத்தச் சொல்லவில்லை. வந்து நின்று கேட்டவளை அனுப்பிவைக்கச் சொல்லவில்லை. திம்மாயி மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார். சாபத்துக்குப் பரிகாரம் உண்டு, அதற்குப் பணம் கட்டலாம், மொட்டை போடலாம். புல் கொடுக்கிறவளிடம் என்ன செய்வது?

அவர் நஞ்சப்பனை அனுப்பினார். நஞ்சப்பன் அவர் வீட்டில் பால் கறக்கிறவன். கூலிக்காரன் பிடித்தால் ஆடு நிற்காது என்று ஊருக்கே தெரிந்திருந்தும் அனுப்பினார், ஒருவேளை தன் விஷயத்தில் நின்றாலும் நிற்கும் என்று நினைத்தார். நஞ்சப்பன் மயிலையைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தான், பசுவின் வாயில் ஒரு பச்சைத் தாள்கூட ஒட்டியிருக்கவில்லை.

“நிக்கலீங்க. நான் தொட்டதுமே படுத்துருச்சுங்க. வேற ஆட்டத் தொட்டன், அதும் படுத்துருச்சு. மாடு நின்ன நெலையிலயே கத்துதுங்க, பாக்கச் சகிக்கல.”

“திம்மாயி ஏதாச்சும் சொன்னாளா?”

“கன்னு எப்படியிருக்குதுன்னு கேட்டாங்க.”

பாவாத்தாள் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் உட்கார்ந்திருந்த கட்டிலில், அவர் பக்கத்தில், மனுஷனைப் படுக்க வைப்பதுபோலப் படுக்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கன்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூச்சு விட்டது. அதன் வயிறு ஏறி இறங்குவதைச் சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. இதே போன்ற இடைவெளிகள் வேலியின் அந்தப் பக்கம் எத்தனை நாள், எத்தனை குட்டிகளின் வயிற்றில், யாருடைய கண்ணுக்கு முன்னால் நீண்டு நீண்டு நின்றுபோயிருக்கும் என்று அவர் யோசிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு அதை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, வெறும் தோளோடு, கன்றை ஒரு கையில் அணைத்து, மயிலையின் கயிற்றை மறு கையில் பிடித்துக்கொண்டு, உச்சிப் பொழுதில், ஊர் நடுவாக நடந்து இட்டேரிக்குப் போனார்.

திம்மாயி வேலி நிழலில் உட்கார்ந்து ஓர் ஆட்டின் விலாவிலிருந்து எள் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

“கன்னக் கீழ வுடுங்க பண்ணாடி. மண்ணு சூடில்ல, ஈரமாத்தான் இருக்குது.”

அவர் கன்றைக் கீழே விட்டார். அது நிற்க முடியாமல் பசுவின் காலில் சாய்ந்துகொண்டது.

“எந்த ஆட்டப் புடிக்கட்டும்?” என்றார். தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை.

“அந்தக் கருமூஞ்சியப் புடிங்க. அது மேலதான் நெறையப் புல்லு கெடக்குது.”

கருமூஞ்சியைச் சென்னியப்பனுக்குத் தெரியும். மாசியில் அவர் கொறங்காட்டு வெள்வேல மரத்தடியில் அது இரட்டைக் குட்டி போட்டது. இரண்டும் அவர் வரப்பு மேல் ஏறித் துள்ளிக் குதிப்பதை நின்று பார்த்திருக்கிறார், சிரித்துக்கூட இருக்கிறார். இப்போது அதன் பின்னால் எதுவும் இல்லை. அவர் மண்ணில் உட்கார்ந்தார். ஆடு விலகிப் போகவில்லை. அதன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு மார்போடு அணைத்தார். மேலே அவ்வளவு புல், தொட்டால் கை முழுக்கப் பச்சை வாசம், கீழே கை போனபோது ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனியாக விரலில் பட்டது. இத்தனை நாள் புல் தின்றும் அந்த எலும்பு இன்னும் மூடவில்லை.

மயிலை நாக்கை நீட்டி முதல் வாய்ப் புல்லைச் சுருட்டி இழுத்தது. கருமூஞ்சியின் உடம்பு ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. இரண்டாம் வாய். மூன்றாம் வாய். கன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

வழியெல்லாம் அவர் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் இருந்தன. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது.

“திம்மாயி, மழ வரலன்னு தெரிஞ்சும் நாந்தான் படலத் தொறக்காம…”

“தெரியுமுங்க” என்றாள் அவள்.

அவர் காத்திருந்தார். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து மறுபடி எள்ளைப் பிடுங்கினாள், பிடுங்கினதை உதறிச் சாக்கில் போட்டாள். தெரியும் என்ற அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு நாளாகத் தெரியும், வேப்பமரத்தடியில் நின்றபோதே தெரியுமா, குழி தோண்டினபோது தெரியுமா என்று யோசிக்க யோசிக்க, அவர் கை நடுங்கத் தொடங்கியது. ஆட்டின் முதுகில் புல் சலசலத்தது. மயிலை மிரண்டு முகத்தை இழுத்துக்கொண்டது.

“பண்ணாடி, கை நடுங்குனா மாடு மேயாதுங்க” என்றாள் திம்மாயி, தலை நிமிராமல். “அழுத்திப் புடிங்க.”

அவர் அழுத்திப் பிடித்தார். பிடித்த பிடியில் அவர் முகம் ஆட்டின் கழுத்தில் புதைந்தது. ஈர ரோமமும் புழுக்கையும் புதுப்புல்லும் கலந்த வாசம் மூக்கை அடைத்தது. அங்கே, யாருக்கும் தெரியாத இடத்தில், அவர் முகம் என்ன ஆனதோ ஆனது. மயிலை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தது. அதன் சொரசொரத்த நாக்கு புல்லை வழித்துக்கொண்டு போகிற போக்கில் அவர் மணிக்கட்டையும் புறங்கையையும் சேர்த்து வழித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பின்னால் கன்று எழுந்து நின்று, தடுமாறி, மடியை ஒரு முட்டு முட்டியது, இன்னொரு முட்டு, பிறகு முட்டுவது நின்று உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ராக்கியண்ணனின் செருமல் அவருக்குக் கேட்டது. அவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள், யாரும் கேலி பேசவில்லை, யாரும் போய்விடவும் இல்லை. சென்னியப்பன் தலையை நிமிர்த்தவில்லை. கருமூஞ்சியின் முதுகு வெறும் ரோமமாகிற வரைக்கும் அவர் அப்படியே இருந்தார். தீர்ந்ததும் திம்மாயி எழுந்து வந்து, அந்த ஆட்டை அவர் கையிலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டு, இன்னோர் ஆட்டை இழுத்துவந்து அவர் மடியில் கொடுத்தாள்.